நாற்பத்தாறாவது புத்தகத்தின் கடைசிப் பக்கம்

1979 ஏப்ரலில் ஆலங்கட்டி மழைக்கு உடைந்த யப்லொன்ஸ்கி வீட்டு முன்ஜன்னல், யாரும் கண்ணாடி மாற்றாமலே, பன்னிரண்டாம் நாள் முழுசாக இருந்தது. அன்று வியாழக்கிழமை. காலை வரை அதில் ஒட்டியிருந்த அட்டையும் டேப்பும் ஸ்டோர் அறையில், பிரிக்காத கட்டாகப் பழைய இடத்திலேயே கிடந்தன. அமெரிக்காவின் டொலீடோ நகரில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில், கார் கண்ணாடிகளைப் பார்த்துப் பழுதானவற்றில் மஞ்சள் சாக்குக்கட்டியால் குறி போடுகிற வேலை பெர்னடெட்டுக்கு. நகத்தால் தடவிப் பார்த்தாள். புதுக் கண்ணாடி இல்லை, பழையதேதான். இடது மூலையில் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிற சின்னக் காற்றுக்குமிழி அப்படியே இருந்தது. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அவளுக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான்.

அதே வியாழக்கிழமை மதியம் அவள் கணவன் நார்பர்ட் ஒரு புத்தகத்தை முடித்திருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றும் வரை, காலி வண்டியில் உட்கார்ந்து வாசிப்பான். வேறெதுவும் வாசிக்க மாட்டான். ‘பதினோராவது நிலவு’ என்ற விண்வெளித் தொடரை ஒட்டி வந்த நாவல்கள் மட்டும்தான். டிவி தொடர் மூன்று வருஷம் ஓடி நின்றுபோயிற்று, பிறகு சினிமாவாக வந்துகொண்டிருந்தது. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் ரசிகர்களின் பசிக்குப் புத்தகங்கள், முதுகில் எண் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒன்று. புதிது வரும் வரை பழையதை மறுபடி வாசிப்பான். ஒன்றை மூடிய கையோடு அடுத்ததைத் திறந்துவிடுவது அவன் பழக்கம். தளபதி ஹெஸ்ட்ரனும் அவர் ஆட்களும் நிலவுத் தளத்தில் தன்னந்தனியாகக் காத்திருக்க, தான் கீழே சும்மா இருப்பது அவனுக்குக் குற்றமாகப் பட்டது.

ஜன்னலோடு நிற்கவில்லை. விளிம்பு உடைந்த தட்டு ஒட்டிக்கொண்டது. குழாயின் ஒழுக்கு நின்று, மறுபடி ஒழுகி, மறுபடி நின்றது. சர்க்கரை டப்பா ஏழு வருஷமாக அரைக்குக் கீழே போகவில்லை. தான் வேலைக்குப் போன நேரத்தில் எவளோ ஒருத்தி வந்து வீட்டை ஒழுங்குபண்ணிவிட்டுப் போகிறாள் என்று பெர்னடெட் முடிவு கட்டினாள். கள்ளத்தனமாக வருகிறவள் எதற்குக் குழாயைச் சரிசெய்கிறாள் என்று பக்கத்து வீட்டு ஐரீன் கேட்டதற்கு, அதுதான் பெரிய சூழ்ச்சி என்று பதில் சொன்னாள். ஐரீனுக்கோ வேறு சந்தேகம். அந்த ஏழு வருஷத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தலை நரைத்தது, இடுப்பு பெருத்தது. பெர்னடெட் முப்பத்தொரு வயசிலேயே நின்றாள், நார்பர்ட் முப்பத்துநாலிலேயே. என்ன கிரீம் பூசுகிறாள் என்பதைச் சொல்லாமல் மறைக்கிறாள் என்று ஐரீன் மாதா கோயிலில் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டாள்.

கிரீம் பேச்சுக்குச் சிரிக்கிற நிலையில் பெர்னடெட் இல்லை. அந்த ஏழு வருஷத்தில் மூன்று தடவை அவளுக்குக் குழந்தை தங்கியது. மூன்று தடவையும் இல்லாமல் போயிற்று. இரத்தம் இல்லை, வலி இல்லை. முந்தின நாள் இருந்தது, மறுநாள் இருந்ததற்கான தடமே இல்லை. டாக்டர் தன் சொந்தக் கையெழுத்தையே நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், பிறகு முதலிலேயே தப்பாகச் சொல்லியிருப்பேன் என்றார். மூன்று முறையும் அவர் அதையேதான் சொன்னார். பெர்னடெட் அழுதாள், நார்பர்ட்டும் அழுதான். அழுது முடித்த பின் அவள் சமையலறைச் சுவரில் தொங்கிய கோயில் காலண்டரையும் சேர்த்துவைத்திருந்த பழையவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் கீறல் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடுவதுபோல நாட்களைத் தேடினாள். ஜன்னல் சேர்ந்த நாள், தட்டு ஒட்டிய நாள், குழந்தை போன மூன்று நாட்கள். எல்லா நாளிலும் அவன் சாப்பாட்டு மேஜையில் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தான், இன்னிக்கு ஒண்ணு முடிச்சேன் பெர்னி, என்று.

அவள் அந்தப் புத்தகங்களை வாசித்தாள், ஒரு வாரத்தில் ஏழு. ரசிக்க இல்லை, பழுது பார்க்க. பழுது எங்கே என்று ஏழாவதில் தெரிந்துவிட்டது. நடுவில் என்ன வேண்டுமானாலும் நடக்கிறது: தளம் எரிகிறது, தளபதிக்குக் கை போகிறது, கல்யாணம்கூட ஆகிறது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் பழைய நாற்காலியில் பழையபடி உட்கார்ந்திருக்கிறார்கள். போன கை வளர்ந்திருக்கிறது. கட்டியவளைத் தளபதிக்கு ஞாபகமே இல்லை.

1986 ஜூலையில் கிளீவ்லண்டு ஓட்டல் ஒன்றில் ரசிகர் மாநாடு நடந்தது. வருஷா வருஷம் தனியாகப் போகிற நார்பர்ட்டோடு அந்தத் தடவை அவளும் புறப்பட்டாள். தளபதியின் ஆட்கள் போல வெள்ளி பெல்ட் கட்டிய ரசிகர்களுக்கு நடுவே, தொடருக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் எழுதிய எல்டன் ப்ராக் என்பவர் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தார். எழுதுகிறவர் போலத் தெரியவில்லை, பல் டாக்டர் போல இருந்தார். அவள் வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். முறை வந்ததும் நாற்பத்தொன்றாவது புத்தகத்தை அவர் முன் வைத்தாள்.

“இதுல டாக்டர் இம்ராவுக்குக் குழந்தை உண்டாகுது. கடைசிப் பக்கத்துல வயித்துல ஒண்ணுமில்ல. எங்க போச்சு?”

ப்ராக் பேனாவை மூடினார். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று அவரும் காத்திருந்த மாதிரி இருந்தது.

“நான் எழுதினப்ப இருந்துச்சும்மா. ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்துது. படத்துல அவங்களுக்குக் குழந்தை கிடையாது, அதனால புத்தகத்துலயும் இருக்கக் கூடாதுன்னாங்க. எங்களுக்கு இது வாடகை வீடு மாதிரி. காலி பண்றப்ப எல்லாத்தையும் இருந்த இடத்துலயே வச்சுட்டுப் போகணும். புதுசா ஒரு ஆணிகூட அடிக்க முடியாது.”

“எடுத்தது நீங்கதானே?”

“நான்தான். ஒரு பத்தியில எடுத்தேன். சம்பளம் வாங்கிக்கிட்டுதான் எடுத்தேன்.”

திரும்பி வரும்போது அவள் காரில் எல்லாவற்றையும் சொன்னாள். நாட்களைச் சொன்னாள், பக்கங்களைச் சொன்னாள். பாதி வழியில் சான்டஸ்கி ஊரில் நார்பர்ட் பெட்ரோல் போட நிறுத்தினான். பிறகு, புத்தகம் படிச்சா குழந்தை போகுமா, பைத்தியக்காரத்தனமா பேசாதே, என்றான். அதற்கும் பிறகு, சரி, இனிமே தொடலை, என்றான். மறுவாரமே நாற்பத்தைந்து புத்தகங்களும் பெட்டியில் ஏறி, கோயில் பழம்பொருள் விற்பனைக்குப் போயின. நாற்பத்தாறாவது எங்கே என்று கேட்டாள். ஓட்டலில் தொலைந்துவிட்டது என்றான். அதை அவள் நம்பவில்லை.

நவம்பரில் நாலாவது தடவையாகக் குழந்தை தங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டுக்குள் போலீஸ்காரியாகத் திரிந்தாள். அவன் கோட்டுப் பையைத் துழாவினாள். விரலில் மை இருக்கிறதா என்று பார்த்தாள். ‘முடிச்சேன்’ என்று அவன் எதைப் பற்றிச் சொன்னாலும், சூப்பைப் பற்றிச் சொன்னாலும்கூட, எதை என்று கேட்டாள். சர்க்கரை டப்பா காலியானபோது ஐரீன் திருடுகிறாள் என்று நினைத்து அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மார்ச் மாதம் ஒரு மதியம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நாலுமாத வயிறைத் தூக்கிக்கொண்டு, பேருந்துகள் நிற்கிற கொட்டடிக்கு நடந்தே போனாள். நார்பர்ட் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். மடியில் நாற்பத்தாறாவது புத்தகம் இருந்தது. மொத்தம் 217 பக்கம், பேருந்துச் சீட்டு ஒன்று 216-இல் செருகியிருந்தது.

அவள் கத்தவில்லை. படியில் நின்றபடி, “கொல்லப் போறியா?” என்று மட்டும் கேட்டாள்.

“போன ஜூலையிலேயே இங்க வந்து நிறுத்திட்டேன் பெர்னி. மாநாட்டுக்குப் போறதுக்கு முந்தின நாள் ஆரம்பிச்சது. கடைசிப் பக்கத்த மட்டும் விட்டுட்டு, என்ன ஆகுதுன்னு பாத்தேன். செப்டம்பர்ல உன் தலையில ஒரு நரைமுடி வந்துச்சு. ஏழு வருஷத்துல முதல் தடவை. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மூணையும் நான்தான் படிச்சு முடிச்சிருக்கேன்னு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது, நீயே சொல்லு.”

பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் சின்ன இருக்கையில் அவள் உட்கார்ந்துகொண்டாள். அவனை அவ்வளவு வெறுத்ததும் அவ்வளவு நேசித்ததும் அந்த ஒரே மதியம்தான் என்று பின்னாளில் ஐரீனிடம் சொன்னாள். ஐரீன் இதை எங்கள் எல்லோரிடமும் சொன்னாள்.

ஆகஸ்டில் ஹாலினா பிறந்தாள், மூன்றரைக் கிலோ, குறையொன்றுமில்லை. அதன்பின் யப்லொன்ஸ்கி வீட்டில் உடைந்தது உடைந்ததாகவே கிடந்தது. குழாய்க்கு ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. இருவருக்கும் வயசாயிற்று. ஐரீன் கிரீம் தீர்ந்துபோயிருக்கும் என்று சமாதானமடைந்தாள். நார்பர்ட் வேறு புத்தகம் வாங்கவில்லை. நாற்பத்தேழு முதல் தொண்ணூற்றிரண்டு வரை கடைகளில் வந்து போயின. அந்த அடுக்கைத் தாண்டும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். காலி வண்டியில் உட்கார்ந்து, இருக்கிற ஒரே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து 216 வரை வாசிப்பான், பிறகு மறுபடி முதல் பக்கம். தளபதி ஹெஸ்ட்ரன், தளத்தின் காற்று வெளியே போகாமல் காக்கிற காற்றுப்பூட்டின் கதவுப்பிடியில் கை வைக்கிற இடத்தில் அந்தப் பக்கம் முடிகிறது. அதற்கப்புறம் என்னவென்று அவனுக்குத் தெரியாது. பெர்னடெட் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சீட்டு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். அவன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவனே திறந்து காட்டுவான். புத்தகத்தை எரித்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு, எரிப்பதும் முடிப்பதாகிவிட்டால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டாள்.

பதினோரு வயசில் ஹாலினா அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாக வாசித்துவிட்டாள். பெர்னடெட் ஓடிவந்து அவளைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தாள், அப்புறம் அறைந்தாள், அப்புறம் எல்லாக் கதையையும் சொன்னாள். வாசித்தது நார்பர்ட் இல்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஹாலினா கன்னத்தைத் தடவிக்கொண்டே, “அப்போ நான் புத்தகத்துக்கு நடுவுல பொறந்தவளா?” என்று கேட்டாள். அப்பாவிடம் முடிவைச் சொல்லக் கூடாது, ஜாடையாகக்கூடக் காட்டக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கப்பட்டது. சாப்பிடும்போது அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால்கூட பெர்னடெட் நடுவில் உப்பு கேட்பாள்.

2009 அக்டோபரில் நார்பர்ட்டுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. பிறப்புச் சான்றிதழுக்கும் உடம்புக்கும் ஏழு வருஷம் இடிக்கிறதே என்று டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்றார். அன்று மாலை பெர்னடெட் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தாள். ஒரே ஒரு பக்கம். வாசித்தால் அவன் முப்பத்துநாலு வயசில், நல்ல நெஞ்சோடு எழுந்து உட்காருவான். அவளுக்கு முப்பத்தொன்று. இருபத்துமூன்று வருஷமாக யார் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுவார்களோ என்று சந்தேகப்பட்டவள், அதைத் தானே திறந்து பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள். இன்னொரு மகள் பிறக்காமலா போவாள் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததை அவனிடம் சொல்லவும் சொன்னாள்.

நார்பர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். அது இல்லாமல் அவனுக்குத் தன் கைரேகைகூடத் தெரியாது.

“இதை எடுத்துட்டுப் போயிடு. நான் போனப்புறம் ஹாலினாவை விட்டுப் படிச்சுக் காட்டச் சொல்லு. அந்த ஆளு கதவைத் திறந்தானா இல்லையான்னு தெரியாம என்னால படுத்துக் கிடக்க முடியாது.”

நவம்பர் ஒன்பதாம் தேதி பிற்பகல் அவன் இறந்தான். இரண்டாம் நாள் சவச்சாலையில் பெட்டியைத் திறந்துவைத்து, எங்கள் தெருவே வரிசையில் நின்று பார்த்தது. வரிசை முடிந்ததும் ஹாலினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் காதோரமாக உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயசுப் பெண், அப்பா மாதிரியே தடித்த புருவம். பெர்னடெட்டுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. செத்தவன் காதில் விழுந்தால் அது அவன் படித்து முடித்ததாகுமா ஆகாதா என்று அவளுக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்? ஆனாலும் அவன் கேட்டுக்கொண்டது. மகளின் இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படி என்றாள்.

ஹாலினா படித்தாள். தளபதி கதவைத் திறந்தார். உள்ளே எல்லோரும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள், காபி சூடாக இருந்தது, யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. அவ்வளவுதான். அவள் கடைசி வார்த்தையைச் சொல்லி மூடியபோது, பெட்டிக்குள் நார்பர்ட்டின் நரைத்த தலை கறுத்தது. கன்னக்குழி நிரம்பியது. முப்பத்துநாலு வயசு முகத்தோடு, உயிரில்லாமல், அவன் படுத்திருந்தான். மறுபடி பார்க்க வந்த ஐரீன் குனிந்து பார்த்துவிட்டு, சவச்சாலைக்காரரின் கைவேலை பிரமாதம், என் முறை வந்தாலும் இவரிடமே சொல்லிவிடுங்கள், என்றாள்.

பெர்னடெட் மணிக்கட்டைப் பார்த்தாள். இருந்தது. நாடி துடித்தது. நகத்தால் அழுத்தினாள், ஹாலினா வலிக்குதும்மா என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. இவள் போகவில்லையென்றால், அக்டோபரிலேயே அவன் படித்திருந்தாலும் இவள் போயிருக்க மாட்டாளோ? அவன் இப்போது வீட்டில் சூப்புக் குடித்துக்கொண்டிருப்பானோ? கேள்வி முழுசாக வந்து அவள் முன் நின்றது. முப்பத்தைந்து வருஷம் கண்ணாடியில் கீறல் தேடியவள், தெருவில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்டவள், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே உணவுக்கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு முட்டைக்கோஸும் சாசேஜும் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். மகளின் கையை விடாமலே படியிறங்கிப் போய், இருவரும் ஆளுக்கு ஒரு கையால் சாப்பிட்டார்கள்.