கோட்டுக்கு அளவெடுத்த கட்டை

ஆர்லிஸ் ட்வேட் ஒரு கரண்டியை ஒன்பது மாதமாக மறக்கவில்லை.

போன நவம்பரில் எங்கள் ஸ்கோக்லண்ட் துப்பாக்கிச் சங்கத்தின் வான்கோழிப் போட்டி. பெயர்தான் வான்கோழி, சுடுவது களிமண் தட்டை. உறைய வைத்த கோழி பரிசுக்கு. வரிசையாக நிற்போம். முதலில் நிற்பவர் "விடு" என்றதும் எதிரே பள்ளத்திலிருந்து ஓர் ஆரஞ்சுத் தட்டு சீறிக் கிளம்பும். உடைத்தால் வரிசையின் கடைசிக்குப் போய்ப் பிழைத்துக் கிடக்கலாம். தவறவிட்டால், அடுத்து நிற்பவர் அதே தட்டை அது தரையில் விழுவதற்குள் உடைக்கலாம். உடைத்துவிட்டால் முன்னவர் அவுட். முதன்முதலில் அவுட் ஆகிறவருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. லூத்தரன் தேவாலயத்துப் பெண்கள் சுருக்கு வைத்துத் தைத்துக் கொடுத்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் காட்டரிசி சூப் ஊற்ற வேண்டும். நாற்பது வருடப் பழக்கம்.

போன வருடம் அந்த மரியாதை ஆர்லிஸுக்குக் கிடைத்தது. அவள் கொண்டு வந்தது செத்துப்போன அண்ணனின் துப்பாக்கி. அண்ணன் ஆறடி நாலு அங்குலம். இவள் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூட. தோளில் பொருத்தும் பின்பக்க மரக்கட்டை அக்குளில் சிக்கி, கன்னத்தில் அடித்து, தட்டு பத்திரமாகப் பறந்துகொண்டே இருந்தது. அடுத்தவன் அதை உடைத்தான்.

தலைவர் வெர்லின் பிரெக்கி ஒலிபெருக்கியைப் பிடித்தார். வெர்லினுக்கு இன்ஷூரன்ஸ் தொழில். பதினான்கு வருடமாக அவர்தான் தலைவர். போட்டி நாளுக்கு வாடகைக் கழிப்பறை ஏற்பாடு செய்ய வேறு யாரும் முன்வராததால் அந்தப் பதவி அவரிடமே தங்கிவிட்டது. அவரோ மக்கள் ஆதரவு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"கடைசியா கரண்டி சேர வேண்டிய கைக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு மக்களே!" என்றார்.

முப்பத்திரண்டு ஆண்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன், மறைப்பதற்கில்லை. எங்கள் பிள்ளைகளையெல்லாம் பனிப்புயலில் பள்ளிக்கூடம் கொண்டு சேர்க்கிற பேருந்து ஓட்டுநர் அவள். முப்பத்திரண்டு கிண்ணத்திலும் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். முகத்தில் புன்னகை. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் அப்படிப் புன்னகைத்தால் புத்தியுள்ளவன் ஊரை விட்டுப் போய்விடுவான்.

ஆகஸ்டில் ஓர்வில் குவாமின் கடைக்குப் போனாள். முன்பக்கம் ஆணி, குழாய், பெயிண்ட், பின்பக்கம் துப்பாக்கி. ஓர்வில் எழுபது தாண்டியவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசினால் மறுநாள் ஓய்வெடுப்பார்.

"பம்ப் துப்பாக்கி ஒண்ணு வேணும் ஓர்வில்."

"எதைச் சுட?"

"வெர்லினை."

ஓர்வில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பதறாதீங்க. சுடப்போறதில்ல. சூப் ஊத்த வைக்கப்போறேன். வரிசையில அவனுக்கு அடுத்தாப்ல நான் நிக்கணும். அவன் விட்டதை நான் உடைக்கணும். அதுவும் முதல் ஆளா அவன் போகணும். வான்கோழி எனக்கு வேண்டாம்."

ஓர்வில் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஓர்வில்லும் ஒரு வருடம் அந்த ஏப்ரன் கட்டியவர். அன்றைக்கு ஒலிபெருக்கியில் அவருடைய வயதைப் பற்றி ஏதோ சொல்லப்பட்டது. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை, மூன்று துப்பாக்கிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

முதலாவது கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்டது. ஆர்லிஸ் தூக்கிப் பார்த்துவிட்டு, "இறகு மாதிரி இருக்கே" என்றாள்.

"தூக்க இறகு. சுட்டா கழுதை. எடை இல்லாததெல்லாம் திருப்பி உதைக்கும். இரண்டு நாள் பழகினா மூணாம் நாள் சுடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிப்ப."

இரண்டாவது குட்டித் துப்பாக்கி. அவள் உடம்புக்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது.

"இது அளவு சரி, வேலைக்கு ஆகாது. அவன் சுட்டு முடிச்சப்புறம்தான் உன் முறை. அதுக்குள்ள தட்டு நாப்பது கஜம் தாண்டிப் போயிருக்கும். இந்தச் சின்னத் தோட்டாவுல அவ்வளவு தூரத்துக்குப் போதுமான ரவை கிடையாது."

மூன்றாவது பழசு. எஃகு உடம்பு, நீளக் குழல், குழலின் வாய் கொஞ்சம் இறுக்கம்; ரவை சீக்கிரம் சிதறாமல் கூட்டமாகப் போகும். முன்கைப் பிடியை இழுத்துத் தள்ளினார் ஓர்வில். சரக், சரக். கடையில் ஆணி வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"தானா இயங்குற துப்பாக்கியெல்லாம் நவம்பர்க் குளிர்ல எண்ணெய் கெட்டியாகி சோம்பேறி ஆயிடும். இதை மூடுறது உன் கை. உன் கை உறையாத வரைக்கும் இது உறையாது."

"இதையே எடுத்துக்கறேன்."

"இதுல இருக்கிற கட்டை பதினாலு அங்குலம். உங்க அண்ணனுக்குச் சரியா இருந்திருக்கும். இதை அறுக்கணும். அறுத்ததை ஒட்ட முடியாது. அதனால ஒண்ணு செய். போட்டிக்கு எந்தக் கோட்டு போடுவியோ அதைப் போட்டுக்கிட்டு சனிக்கிழமை வா."

இருபது வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. வஞ்சம் மனிதனைப் பேச வைக்கிறது.

சனிக்கிழமை வெயில் தொண்ணூற்றிரண்டு டிகிரி. ஆர்லிஸ் பேருந்து ஓட்டும்போது போடுகிற பஞ்சு திணித்த கோட்டு, அதற்குள் கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொன்று என்று பிரதான சாலை வழியாக நடந்து வந்தாள். முடிதிருத்தும் கடையில் பாதி முகச்சவரத்தோடு இருந்தவர்கூட எழுந்து வந்து பார்த்தார். அவளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று மதியத்துக்குள் ஊர் முடிவு செய்தது.

ஓர்வில் சொன்னார்: "கண்ணை மூடு. துப்பாக்கியைத் தூக்கு. கன்னத்தை வசதியா எங்க வைக்கத் தோணுதோ அங்க வை. இப்பக் கண்ணைத் திற. என்ன தெரியுது?"

"துப்பாக்கியோட முதுகு தெரியுது. நுனியில குறி பாக்கிற மணி தெரியல."

"அப்பக் கட்டையோட மேல்விளிம்பு தாழ்வா இருக்கு. ஏத்தணும்."

தோல் பட்டையை வைத்து விளிம்பை ஏற்றினார். மறுபடி கண்ணை மூடினாள், திறந்தாள். மணி குழலின் நுனியில் எறும்பு உட்கார்ந்ததுபோல் நேராக நின்றது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. ஓர்வில் பென்சிலால் கட்டையில் கோடு போட்டார். அடியில் வைக்கும் ரப்பரையும் சேர்த்துப் பன்னிரண்டே கால் அங்குலம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு மணி அடித்தது. வெர்லின்.

"என்ன ஆர்லிஸ் கண்ணு, வட துருவத்துக்குப் பஸ் விடறாங்களா?"

"குளிருது வெர்லின்."

"பம்ப்பா? வாத்து வேட்டைக்கு முழங்காலளவு சேத்துல நிக்கிறவனுக்கு அது சரி. சரி, அளவு எப்படிப் பாக்கறதுன்னு தெரியுமா? இங்க பாரு, முழங்கை மடிப்புல கட்டையை வை, விரல் குதிரையைத் தொட்டா சரி. எங்க தாத்தா சொன்னது."

"அது உங்க தாத்தா முழங்கையால சுட்டதாலயோ என்னமோ" என்றார் ஓர்வில், ரம்பத்தைத் துடைத்தபடி.

வெர்லின் அதைக் காதில் வாங்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல் கொண்ட தன் புது இத்தாலியத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல அவருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அதன் பக்கவாட்டில் ஏழு வாத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. நிஜ வாத்து அவரிடம் அவ்வளவு நெருங்கி வந்ததில்லை.

"மினியாபொலிஸ்ல ஒரு நிபுணர்கிட்ட அளவெடுத்துக் கட்டை போட்டேன். பதினோரு அளவு. பதினாலே முக்கால் அங்குலம், மயிரிழை பிசகாது. பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு வரச் சொன்னார். தையற்காரன் மாதிரி சுத்திச் சுத்தி வந்தார். என் உடம்போட ஒரு அங்கம் மாதிரி இருக்கு இப்ப."

"பட்டுச் சட்டையா?" என்றாள் ஆர்லிஸ்.

"பட்டு. உனக்கு இதெல்லாம் புரியாது கண்ணு. ஆங், நவம்பருக்குப் புதுக் கோட்டு சொல்லியிருக்கேன். வாத்திறகு திணிச்சது, இவ்வளவு தடிமன். முதுகுல தங்க நூல்ல 'தலைவர்'னு எழுதி வருது."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"பட்டுச் சட்டையில அளவு" என்றார் ஓர்வில். "அதுக்கு மேல ஒரு அங்குல இறகு வந்தா கட்டை நீண்டுடும். சொல்லிடலாமா?"

"யாருக்கு? அவர் தலைவர். அவருக்குத் தெரியாததா?"

எங்கள் ஊரில் ஒருத்தரின் பேச்சில் குறுக்கிட்டு அவர் தவறைச் சொல்வது அநாகரிகம். ஓர்வில் நாகரிகமானவர். ரம்பத்தை எடுத்து ஆர்லிஸின் கட்டையை அறுக்க ஆரம்பித்தார்.

செப்டம்பர், அக்டோபர் முழுக்க, பேருந்தை நிறுத்திய கையோடு அவள் ஓர்வில்லின் சோளக்கொல்லைக்குப் போனாள். ஓர்வில் கையெறி கருவியால் தட்டு வீசுவார். அவள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். தட்டு பாதி வானம் தாண்டிய பிறகு அவர் "இப்ப" என்பார். அதன்பிறகுதான் சுட வேண்டும். தன் தட்டைச் சுட அவள் ஒருநாளும் பழகவில்லை. அடுத்தவன் விட்டதைச் சுட மட்டும் பழகினாள்.

போட்டியன்று பனி பெய்யவில்லை. பெய்வதற்கும் குளிர் விடவில்லை. காபி டப்பாவிலிருந்து எண் எடுத்தோம். வெர்லினுக்கு நாலு. கேலன் ஸ்டூவிக்கு ஐந்து. ஆர்லிஸுக்குப் பத்தொன்பது.

அவள் கேலனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எண் மாத்திக்கலாமா?"

"எதுக்கு?"

"ஒரு தட்டு ருபார்ப் இனிப்பு பார் தர்றேன்."

"வால்நட் போட்டதா?"

"போட்டது."

"எனக்கு அஞ்சு ராசியான எண் ஆச்சே."

"ரெண்டு தட்டு."

ராசி இடம் மாறியது. விதிப்படி இது சரியா என்று யாரோ கேட்டார்கள். வெர்லின் பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

"பின்னாடி நின்னு கத்துக்கட்டும், பரவால்ல."

தங்க எழுத்துக் கோட்டில் அவர் மெத்தையைச் சுற்றிய கம்பம்போல் இருந்தார். எல்லோரும் பார்க்கத் துப்பாக்கியை ஒருமுறை தூக்கிக் காட்டினார். கட்டை மார்பில் ஏறும் வழியில் அக்குளுக்குக் கீழே கோட்டு மடிப்பில் சிக்கியது. தட்டிவிட்டு மறுபடி தூக்கினார். மறுபடி சிக்கியது.

அவர் மனைவி மார்டெல் சூப் மேஜையிலிருந்து கத்தினாள்: "கோட்டைக் கழட்டிட்டுச் சுடுங்களேன்!"

ஆர்லிஸின் ஒரு வருட வஞ்சமும் ரெண்டு தட்டு பாரும் அந்த ஒரு பொத்தானில் தொங்கின. வெர்லினின் விரல் பொத்தானுக்குப் போனது. பிறகு அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் முதுகைப் படித்துக்கொண்டிருந்தது.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்றார், விரலை எடுத்தபடி.

முதல் மூன்று பேரும் உடைத்தார்கள். வெர்லின் முன்னால் வந்தார். ஆர்லிஸ் ஒரு தோட்டாவைப் போட்டு மூடினாள். சரக்.

"விடு!"

தட்டு கிளம்பியது. பதினோரு அளவெடுத்த கட்டை கிளம்பவில்லை. சிக்கி, விலகி, ஒருவழியாகத் தோளுக்குப் பதில் புஜத்தில் போய் உட்கார்ந்தது. குழல் வெடித்தது. தட்டு தன் பாட்டுக்கு ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஆர்லிஸ் அவசரப்படவில்லை. கட்டை தோளுக்கு வந்தது, கன்னம் கட்டைக்கு வந்தது, ஒரே ஒரு சத்தம். தூரத்தில் ஆரஞ்சுத் தூள்.

அவுட் ஆனவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியது தலைவர். பதினான்கு வருடமாக அந்தக் கருவியை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. அதைக் கையில் எடுத்தார், இருமினார்.

"வந்து... காத்து கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"பேரு!" என்றார் ஓர்வில், கூட்டத்தின் பின்னாலிருந்து. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

"பிரெக்கி, வெர்லின். அவுட்."

மார்டெல் ஏப்ரனோடு வந்தாள். வாத்திறகுக் கோட்டின்மேல் அதன் கயிறு எட்டவில்லை. கோட்டைக் கழற்றித்தான் கட்ட வேண்டியிருந்தது. சுருக்கு வைத்த கழுத்துக்கு உள்ளே பட்டுச் சட்டை எடுப்பாகத் தெரிந்தது.

இப்போது ஆர்லிஸின் சொந்தத் தட்டு. அவள் சுட்ட விதத்தைப் பார்த்தவர்கள் பரிசு அவளுக்குத்தான் என்று முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஓர்வில்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"விடு" என்றாள். தட்டு இடப்பக்கம் போனது. அவள் நிதானமாக வலப்பக்க வானத்தில் ஒரு மேகத்தைச் சுட்டாள். பின்னால் நின்றவன் திடுக்கிட்டு, பழக்கதோஷத்தில் தட்டை உடைத்துவிட்டான்.

"ஆர்லிஸ்!" ஓர்வில் ஓடி வந்தார். "அந்த மேல்விளிம்பை நான் மூணு தரம் சரி பண்ணேன்! கோழி உன் கையில இருந்துச்சு!"

"ஆட்டத்துல இருக்கிறவங்களுக்கு சூப் கிடையாதே ஓர்வில். அவுட் ஆனாத்தான் ஊத்துவாங்க."

துப்பாக்கியைக் காலி செய்து தாங்கியில் சாய்த்துவிட்டு, மேஜைக்குப் போய் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் ஆளே இல்லை. வெர்லின் மேலாக ஒரு கரண்டி மொண்டார்.

"அடியில கலக்கி ஊத்து கண்ணு" என்றாள் ஆர்லிஸ். "அரிசியெல்லாம் கீழ தங்கிடும்."