எழக்கூடாத மேசை

ஜெல்மிரா மேசைக் கால்களைச் சங்கிலியால் சுற்றிக் கட்டினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை விருந்தில், குடும்பம் சிதறாமல் இருக்க ஓராவா மலைப்பக்கம் வழிவழியாகக் கட்டுவதுதான். இன்னொரு விதியும் உண்டு. சாப்பிட்டு முடியும்வரை, பரிமாறும் வீட்டுக்காரியைத் தவிர யாரும் எழக்கூடாது. எழுந்தவர் அடுத்த விருந்துக்கு இருக்கமாட்டார். போன வருஷம் அவள் கணவன் இம்ரிஹ், நாய் குரைக்கிறதே என்று எழுந்து போனான். அடுத்த அறுவடைக்கு உருளைக்கிழங்கு தோண்டும் முன்பே கண்ணை மூடினான். நோய் முன்பே இருந்தது என்றார் டாக்டர். டாக்டருக்கு என்ன தெரியும்.

இந்த வருஷம் மகன் ராடோவான், தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைப் போர்ச்சுகலிலிருந்து கூட்டி வந்திருந்தான். இனேஸுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வந்ததிலிருந்து தட்டு எடுக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்தாள். ஜெல்மிரா விதியை அவள் மொழியில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும்படி மகனிடம் சொன்னாள்.

"அவளுக்குப் புரிஞ்சிடுச்சும்மா. வேணும்னா நாற்காலியோட கட்டிப்போட்டுடு."

"கட்டினாலும் தப்பில்லடா."

தேன் தடவிய மெல்லிய வேஃபர் அப்பமும் புளித்த முட்டைக்கோஸ் சூப்பும் நல்லபடியாக முடிந்தன. இனேஸ் கைகளை மடியில் வைத்து அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். அவளையே காவல் காத்துக்கொண்டு ஜெல்மிரா பொரித்த கெண்டையை வாயில் போட்டாள். முள்ளைக் கவனிக்கவில்லை.

துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டது. மூச்சு நின்றது. ராடோவான் எழப்போனான், அப்பாவின் காலி நாற்காலி கண்ணில் பட்டது, மேசை விளிம்பைப் பிடித்தபடி உறைந்துவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன? அந்தப் பயம் தாய்ப்பாலோடு உள்ளே போனது.

நாற்காலி விழும் சத்தம் கேட்டது. இனேஸ் பின்னாலிருந்து ஜெல்மிராவை இறுக்கிப் பிடித்து, வயிற்றை மேல்நோக்கி அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். மீன் துண்டு தட்டில் வந்து விழுந்தது.

மூச்சு திரும்பியதும் ஜெல்மிரா பார்த்தது, நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணைத்தான். பிழைத்த சந்தோஷம் துளியும் வரவில்லை.

"தெரிஞ்சுதானேடி எழுந்தே?"

ராடோவான் மொழிபெயர்த்தான். இனேஸ் ஆமென்று தலையாட்டினாள்.

ஜெல்மிரா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வாராவாரம் எனக்குப் போன் பண்ணணும், கேட்டியா? அடுத்த வருஷம் நீ இதே நாற்காலியில வந்து உக்கார்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது."

அதை மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக ராடோவான் சாப்பாடு முடியும் முன்பே தானும் மெல்ல எழுந்து இனேஸின் பக்கத்தில் போய் நின்றான். ஜெல்மிரா உட்காருடா என்று சொல்லாமல் இன்னொரு கையால் அவன் கையையும் பிடித்துக்கொண்டாள்.