தம்பானூர் சிலைக்கு ஒரு ஜம்பர்

1

இந்தக் கதை கதையாக வந்ததல்ல. ஓர் ஆண்டு மலருக்காக என்னிடம் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: 'கலையில் நிர்வாணமும் பெண்ணின் கண்ணியமும் – இஸ்லாமியப் பார்வை'. நான் மார்க்கம் படித்தவனல்ல. சிற்பம் தெரிந்தவனும் அல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆரியசாலையில் ஒரு தையற்கடை. அங்கே என் சட்டை எப்போதும் 'நாளைக்கு'த் தயாராகிக்கொண்டிருக்கும். இருந்தாலும் தொடங்கிப் பார்த்தேன்.

'இஸ்லாம் பெண்ணுக்கு அளித்திருக்கும் கண்ணியத்தை நோக்குங்கால்—'

'நோக்குங்கால்' என்று எழுதிய கை அதற்கு மேல் நகர மறுத்தது. மறுபடி:

'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில், தம்பானூரில், ஒரு பெண் துணியில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.'

இது நகர்ந்தது. ஆனால் படிப்பவர் தவறான காரணத்துக்காக மேலே படிப்பார். ஆகவே தையற்காரரிடமிருந்து தொடங்குகிறேன். அவரைப் பார்த்தால் யாருக்கும் எந்த எண்ணமும் வராது.

2

அந்தக் கடை அசன்கண்ணுடையது. ஆண்களுக்குச் சட்டையும் உண்டு, ஆனால் முக்கியமாகப் பெண்களுக்கு ஜம்பர் தைப்பவர். (மற்ற ஊர்களில் ரவிக்கை, இங்கே ஜம்பர்.) அதில் அவருக்கு நல்ல பெயர். ஆனால் ஒரு பெண்ணையும் அவர் அளவெடுத்ததில்லை, நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. கடைக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் அவர் மனைவி ஐசா. அவள் அளவெடுத்துச் சொல்வாள், அல்லது அளவுக்கென்று ஒரு பழைய ஜம்பரை வாங்கி வைப்பாள். வாடிக்கைக்காரிகளை அவருக்குத் துணியின் நிறத்தை வைத்துத்தான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை பகவதிப்பெருமாள் பிள்ளை வேர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் வந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர்; தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புதிதாக லாட்ஜ் கட்டியிருந்தவர்.

"டெய்லரே, அவசரமா ஒரு ஜம்பர் வேணும். வெள்ளிக்கெழமை எம் மகளைப் பாக்க சுசீந்திரத்துலேருந்து ஆளு வருது. நம்ம லாட்ஜிலதான் எறங்குகா."

"அதுக்கென்ன மொதலாளி. அளவு ஜம்பர் கொண்டாங்க."

"அவகிட்ட ஒரு ஜம்பர் இருந்தா நான் எதுக்கு ஓய் இங்க வாறேன்?"

அசன்கண்ணு விழித்தார். பிள்ளை குரலைத் தாழ்த்தி விளக்கினார். லாட்ஜின் முன்கூடம் அப்-டு-டேட்டாக இருக்க வேண்டும் என்று யோசுவா என்ற இளம் சிற்பியிடம் ஒரு பெண் சிலை செய்யச் சொல்லியிருந்தார். பிளாஸ்டர் சிலை. குளித்துவிட்டுக் கரையேறுகிறாள். மேலே ஒன்றும் கிடையாது. கீழே இருப்பதையும் அவ்வளவு நம்ப முடியாது.

[நீங்கள் கேட்பீர்கள்: சிலையை எடுத்து உள்ளே வைத்தால் என்ன? முடியாது. தரையோடு சிமெண்டில் ஊன்றியாயிற்று. பிடுங்கினால் மொசைக் போய்விடும். ஒரு போர்வையைப் போர்த்தினால்? போர்த்திப் பார்த்தார்கள். போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க பஸ் ஸ்டாண்டே உள்ளே வந்துவிட்டது.]

3

அசன்கண்ணு லாட்ஜுக்குப் போனார். கூடத்தில் நுழைந்ததும் குடையை விரித்துச் சிலைக்கும் தமக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார். வெளியே மழை இல்லை. உள்ளேயும் இல்லை.

"பிளாஸ்டர்தானே ஓய்! பாக்கப்பிடாதா?" என்றார் பிள்ளை.

"பொம்பளைன்னா நான் பாக்கக் கூடாது மொதலாளி. வெறும் பிளாஸ்டர்னா அதுக்கு ஜம்பர் எதுக்கு?" சுவரிடம்தான் சொன்னார். "உருவம் செய்யதே எங்க மார்க்கத்தில வெலக்கு. அதுக்கு நான் உடுப்பும் தச்சுப் போட்டு, நாளைக்கு ஒருத்தன் வந்து தேங்கா ஒடச்சான்னா, அந்தப் பாவத்தில எனக்கும் பங்கு உண்டு அல்லே?"

யோசுவா அங்கேதான் இருந்தான். முடி தோள்வரை, விரலெல்லாம் வெள்ளை. "கலைக்குத் துணி வேண்டாம் காக்கா. துணி போட்டா அது ஜவுளிக்கடை பொம்மை" என்றான். (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'காக்கா' என்பார்கள்.)

அசன்கண்ணு குடையோடு பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். வீட்டில் ஐசாவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் தையல் மிஷின் ஆடியது. "பொம்பளைக்குப் பொம்பளை என்ன? நான் வாறேன்" என்றாள்.

மறுநாள் அசன்கண்ணு குடையோடு பின்னால் வர, டேப்போடு போய்ச் சிலையின் தோளை அளந்தாள். முதுகை அளந்தாள். கழுத்துக்காக முன்னால் வந்தவள் கையிலிருந்து டேப் நழுவியது.

"படச்சவனே! இது ரத்னாபாய் டீச்சரல்லே?"

ரத்னாபாய், ஐசாவின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியை. திரைக்குப் பின்னால் அளவு கொடுக்கிறவள். அசன்கண்ணுக்கு அவள் சாம்பல் நிறம், சில சமயம் ஊதா.

"கழுத்துக்கு மேல டீச்சரேதான்" என்றாள் ஐசா.

"கீழே?" என்று கேட்டவர் பிள்ளை. ஐசா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் மேசைக்குப் பின்னால் போய்விட்டார்.

"கீழே டீச்சர் இல்ல. கீழே முழுக்க இவரு மனசு" என்று யோசுவாவைக் காட்டினாள்.

யோசுவா ஒளிக்கவில்லை. காலை பஸ்ஸில் அந்த முகத்தைப் பார்ப்பானாம். அதில் ஒரு தெய்வீகம் இருக்கிறதாம். மரியாதையாகத்தான் செய்தானாம்.

"டீச்சர்கிட்ட கேட்டீரா?" என்றது ஒரு குரல். அசன்கண்ணு. குடை மடங்கியிருந்தது. அவர் சிலையைப் பார்க்கவில்லை, யோசுவாவைப் பார்த்தார்.

"கலைஞன் அதெல்லாம் கேக்கணும்னா—"

"உருவம் வேண்டாங்கது எங்க சட்டம். அதை உம்ம தலையில கெட்ட மாட்டேன். ஆனா அந்தப் பிள்ளை ஒழுங்கா உடுத்திட்டுப் பஸ்ஸில வருது. அதை நீரு மனசால உரிஞ்சு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில நிறுத்தியிருக்கீரு. இதுக்கு எந்த மார்க்கத்தில ஓய் எடம்?"

அவர் வாழ்நாளில் யாரையும் இவ்வளவு பேசியவரல்ல.

ஐசா டேப்பைச் சுருட்டினாள். "வேதத்தில பொம்பளைய மறைச்சு உடுக்கச் சொல்லதுக்கு முந்தியே, ஆம்பிளைய பார்வையைத் தாழ்த்தச் சொல்லியிருக்கு. எல்லாரும் அந்த வரியைத் தாண்டி நேரா ஜம்பருக்கு வந்திருதாங்க. டீச்சரைக் கேக்காம இதுக்கு ஒரு ஊசி ஏறாது."

(அடிக்குறிப்பு போல ஒன்று: ஐசா சொன்னது சரிதானா என்று ஒரு பள்ளிவாசல் இமாமிடம் விசாரித்தேன். "சரிதான், ஆண்களுக்குத்தான் முதலில்" என்றார். சொல்லிவிட்டு என் பார்வை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அதிலிருந்து நான் தரையைப் பார்த்தே வீடு வந்தேன். வழியில் ஸ்ரீவராகத்தில் ஒரு மாட்டின்மேல் மோதினேன்.)

4

இந்த இடத்தில் எனக்கு யோசுவாவை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தது. இவனை வில்லனாக்கினால் கதை சுலபம். ஒரு வரைவில் அவனுக்குக் கோணல் சிரிப்புக்கூட வைத்தேன். ஆனால் அவன் அப்படிச் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் லாட்ஜ் படியில் உட்கார்ந்து, தான் செய்தது மரியாதைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவனை என்ன செய்வது என்று—

[இந்த வாக்கியத்தை என்னாலேயே முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

ஒரு முடிவும் எழுதி வைத்திருந்தேன். அதில் அசன்கண்ணு மனமிரங்கிப் பச்சை ஜம்பர் தைக்கிறார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா சிலையை அம்மன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பிள்ளை அங்கேயே உண்டியல் வைக்கிறார். எழுதும்போது நன்றாகச் சிரித்தேன். பிறகு அதில் ரத்னாபாய் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது கண்ணில் பட்டது. யோசுவா செய்ததையே நானும் செய்திருக்கிறேன். அடித்துவிட்டேன். நடந்ததையே சொல்கிறேன்.

5

ஐசா போய் டீச்சரிடம் சொன்னாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ரத்னாபாய் லாட்ஜுக்கு வந்தாள். ஐசா கூட வந்தாள். அசன்கண்ணு வாசலிலேயே நின்றார்.

ரத்னாபாய் சிலையை வெகுநேரம் பார்த்தாள். கொஞ்ச நாளாகக் கண்டக்டர் தன்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறான், பின்சீட்டில் ஏன் சீட்டியடிக்கிறார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"டீச்சர் கலர் மட்டும் சொன்னாப் போதும்" என்றார் பிள்ளை. "பட்டிலயே போட்டிருவோம்."

"நான் வீட்டிலேயே உடுத்திட்டுத்தான் வந்தேன். எனக்கு எதுக்கு இன்னொண்ணு? என் மூஞ்சியை அதிலேருந்து எடுங்க."

"முகமில்லாம எப்படி டீச்சர்?" என்றான் யோசுவா. "யாரு முகமாவது வேணுமே." பிள்ளையைப் பார்த்தான். "மொதலாளி, உங்க வீட்டம்மா..."

"எம் பெண்டாட்டி மூஞ்சியா? காலை ஒடிச்சிருவேன் பாத்துக்கோ!"

"உமக்கு அக்கா தங்கச்சி உண்டா?" என்று ரத்னாபாய் யோசுவாவைக் கேட்டாள்.

"ஐயோ டீச்சர், எங்க அக்கா மானமா இருக்கப்பட்டவ—"

சொல்லிவிட்டான். யோசுவா தன் வெள்ளை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ உம்ம மூஞ்சி சும்மாதானே இருக்கு" என்றாள் ரத்னாபாய். "அதை வையும்."

வைத்தான். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்கு முதல் மோவாய்வரை பரீட்சைத்தாள் திருத்துவதுபோலத் திருத்தி வாங்கினாள். தன் சாயல் இமையில்கூட மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் எழுந்தாள். "மீசை?" என்றான் அவன் தயக்கத்தோடு. "உமக்கு இருக்கே" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்த சுசீந்திரத்துக்காரர்கள் அந்த மீசையைப் பார்த்துத் திகைத்து, பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்த வாக்கிலேயே சம்பந்தமும் பேசி முடிந்தது. பிள்ளைக்கு யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ரத்னாபாய் திங்கட்கிழமை அதே பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போனாள். சீட்டியடிக்க ஆளில்லை.

6

அதற்கடுத்த வாரம், என் சட்டைக்காக நான் பெஞ்சில் காத்திருந்தபோது, யோசுவா தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தான். தம்பானூரில் நடமாட முடியவில்லையாம். பஸ் ஏறப் போனால் 'குளிச்சாச்சா?' என்று கேட்கிறார்களாம்.

"காக்கா, சிலைக்கு ஒரு அங்கி தச்சுத் தரணும். கழுத்திலேருந்து கணுக்கால்வரை. கையும் முழுசா."

"கலைக்குத் துணி வேண்டாமுன்னீரே?"

"கலைக்கு வேண்டாம் காக்கா. எனக்கு வேணும்."

அசன்கண்ணு சிரிக்கவில்லை. யோசித்தார். உருவம் விலக்கு, அது மாறவில்லை. ஆனால் இப்போது கேட்கிறவன் அந்த உருவத்துக்கு உரியவன், வெட்கப்பட்டுக் கேட்கிறான். வெட்கத்தை மறைக்கத் துணி கேட்டு வந்தவனை அவர் திருப்பி அனுப்பியதில்லை. வெள்ளைத் துணியை எடுத்து மேசையில் விரித்தார்; கத்தரியை எடுத்தார்; கீழே வைத்தார். பிறகு திரைக்குப் பின்னால் ஐசாவிடம் கேட்கப் போனார்.

நான் அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். திரைக்குப் பின்னால் பேசுவது என் காதுக்கல்ல. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும், தைக்கலாமா, வேண்டாமா. துணி மேசையில் இருக்கிறது. யோசுவா பெஞ்சில் இருக்கிறான். அவசரமில்லை, அவன் கொஞ்சம் காத்திருக்கட்டும்.