அறுபது மில்லி ஆம்பியர்

சகிசாகா சுமியேவுக்கு முதலில் தன் மீட்டர் மேல்தான் சந்தேகம் வந்தது.

கவாசாகியில் அந்த ஆம்ப்ளிஃபயர் கம்பெனியின் கடைசி மேஜை பதினான்கு வருஷமாக அவளுடையது. பெட்டி வந்ததும் ஒரு மணி நேரம் சூடேற விடுவாள். பிறகு மீட்டரின் இரு முனைகளையும் வைத்து ஒரு பொடித் திருகைத் திருப்புவாள். பாட்டு எதுவும் ஓடாதபோது டிரான்சிஸ்டர்களில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தத் திருகுதான். இதற்கு பயாஸ் வைப்பது என்று பேர். வைத்து முடித்ததும் சோதனை அட்டையில் தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டுக் குத்துவாள். அந்த அட்டை பெட்டியோடு வாங்குகிறவர் வீட்டுக்குப் போகும்.

ஆம்ப்ளிஃபயரில் கிளாஸ் ஏ என்கிற வகை இதுதான்: ஜோடி டிரான்சிஸ்டர்கள் இரண்டும், திருவிழாப் பல்லக்கைத் தூக்குகிற இருவர் மாதிரி, தோளை எடுப்பதே இல்லை. பல்லக்கு நின்றாலும் பாரம் தோளில். அதனால் சும்மா இருக்கும்போதே பெட்டி கொதிக்கும். கிளாஸ் ஏபியில் ஒருவர் சுமக்கையில் மற்றவர் கொஞ்சம் இளைப்பாறிக்கொள்வார். சூடு குறைவு. ஆனால் தோள் மாறுகிற இடத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் உண்டு. வயலின் தேய்ந்து அடங்கும்போது நல்ல காதுக்கு அது மணல் மாதிரி நெருடும். ஏபி ஒன்றும் பாவமில்லை. சுமியே வீட்டில் இருப்பதே அதுதான்.

எண்பத்தொன்றாம் வருஷத்து ஜூன் மழையில் புது மாடல் வந்தது. முகப்பில் தங்க எழுத்தில் கிளாஸ் ஏ. வெப்பத் தகடுகளில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. மீட்டரோ அறுபது மில்லி ஆம்பியர் என்றது. பழைய கிளாஸ் ஏ மாடலுக்கு அவள் வைத்தது ஆயிரத்து இருநூறு; அறுபது என்பது ஏபிக்கான அளவு. திருகைக் கோடி வரைக்கும் திருப்பினாள். எழுபத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. மீட்டரை மாற்றினாள். அதுவும் அதையே சொன்னது. இவ்வளவு குறைந்த கரண்டுக்கு இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது?

பெட்டியைக் கவிழ்த்தாள். தகட்டின் அடியில் விரல் தண்டிக்கு ஒரு வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் ஒட்டியிருந்தது. அதன் ஒயர்கள் நேராக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போயின. இசை போகிற வழிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தகட்டைச் சூடாக்குவது ஒன்றுதான் அதன் வேலை. பாதி குடித்த மிசோ சூப்பின் அடியில் கரப்பான் காலைப் பார்த்த மாதிரி சுமியேவுக்குக் குமட்டியது.

செக்‌ஷன் தலைவர் குரிமோட்டோ வந்தார். வாயில் ஒரு கற்கண்டு மிட்டாய். பேசும்போதெல்லாம் அது பல்லில் தட்டிக் கடகடத்தது. பழைய மாடல் இரண்டு கோடையில் வெந்து வெந்து திரும்பி வந்ததை விஸ்தாரமாகச் சொன்னார். அட்டையில் அளவு எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முத்திரை மட்டும் குத்தச் சொன்னார்.

"அப்போ ஏபின்னே போட்டு வித்துடலாமே, சார்."

"வாங்குறவங்க மொதல்ல மூடி மேல கையத்தான் வைக்கிறாங்க, சகிசாகா சான். காதெல்லாம் அப்புறம். சூடில்லேன்னா எவன் நம்புவான்?" மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது.

பக்கத்து மேஜை ஹிசாயே தலை தூக்காமலே சொன்னாள்: "பூனை வளக்குறவங்களுக்குன்னு விளம்பரம் போடச் சொல்லுடி. குளிருக்கு மேல ஏறிப் படுத்துக்கும்."

சுமியேவுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையில் போகப்போவது அவள் பேர். ஊரில் இல்லாத பேர் வேறு. பள்ளிக்கூட நாளில் எழுதுபொருள் கடையில் ரெடிமேட் முத்திரை வைத்திருக்கும் சுழல் கூண்டைச் சுற்றிச் சுற்றித் தேடுவாள். மற்றவர்கள் குடும்பப் பேரெல்லாம் இருக்கும், சகிசாகா மட்டும் இருக்காது. வேலை கிடைத்தபோது அப்பா தனியாகச் செதுக்கச் சொல்லி வாங்கித் தந்த முத்திரை அது. அதைக் கொண்டு ஒரு பொய்க்குச் சாட்சி சொல்வதா?

குத்தினாள். ஆனால் கட்டத்தைக் காலியாக விடவில்லை. முதலில் வந்த நாற்பது பெட்டிகளின் அட்டையிலும் அளந்ததை அளந்தபடி எழுதினாள்: 60 மில்லி ஆம்பியர். விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள் அட்டையைப் பார்த்தால் போதும், பெட்டி திரும்பி வந்துவிடும் என்று நம்பினாள்.

ஜூலை முழுக்க ஒன்றும் திரும்பவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், காலை உடற்பயிற்சி முடிந்து எல்லோரும் வரிசையில் நிற்கும்போதே, குரிமோட்டோ ஒரு பத்திரிகையை விரித்து உரக்கப் படித்தார். முப்பது வருஷமாக ஆம்ப்ளிஃபயர்களுக்கு விமர்சனம் எழுதுகிற நிராசாகி எழுதியிருந்தார். மூடியில் உள்ளங்கையை வைத்ததுமே கிளாஸ் ஏ பேசத் தொடங்கிவிட்டதாம். வயலின் பட்டுத் துணி மாதிரி இருந்ததாம். 'அட்டையில் அறுபது என்று கையால் எழுதி முத்திரையிட்ட அந்தப் பெண்மணியின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்' என்று முடித்திருந்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நிராசாகிக்கு அறுபது என்றால் என்னவென்று தெரியும் என்பது சுமியேவுக்குத் தெரியும். அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துத்தான் அவளே பயாஸ் கற்றுக்கொண்டாள். எண்ணைப் பார்த்திருக்கிறார், எழுத்தழகைப் பார்த்திருக்கிறார். யோசிக்கத்தான் இல்லை. உள்ளங்கையே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டதே.

"இனிமே எல்லா அட்டையிலயும் அந்த அறுபது வேணும்," என்றார் குரிமோட்டோ. "தூரிகைப் பேனாவுல, கொஞ்சம் பெருசா எழுதுங்க."

சுமியே முத்திரையின் சிவப்பு மையைத் துடைத்து அதன் உறைக்குள் போட்டாள்.

"இனிமே இதுல என் பேர் விழாது, சார்."

"அட, முத்திரைதானேம்மா. கடைக்குக் கடை தொங்குது."

அவர் மூன்று கடை ஏறி இறங்கினதாக ஹிசாயே பிறகு சொன்னாள். மூன்று கூண்டையும் சுற்றிப் பார்த்தாராம், சகிசாகா இல்லை.

சுமியேவை பேக்கிங்கில் போட்டார்கள். அங்கே பெட்டிகள் ஆறிச் சில்லென்று வரும், அட்டை மேலே செருகியிருக்கும். முதல் நாள் ஒன்றை உருவிப் பார்த்தாள். தூரிகையில் கொழுத்த 60. பக்கத்தில், ஈரம் காயாத சிவப்பில், சாட்டோ என்று ஒரு முத்திரை. எந்தக் கூண்டிலும் முதல் வரிசையில் கிடைக்கிற பேர்.

சாட்டோ என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. சுமியே அட்டையை ஓரத்தில் மட்டும் பிடித்துப் பெட்டிக்குள் போட்டாள். அப்படியும் கட்டைவிரலில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டது. ஈரத் துணியை எடுத்து, நகக்கண் வரைக்கும், அது போகிற மட்டும் தேய்த்தாள்.