பதினெட்டு புள்ளி இரண்டு

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க" என்று மேடம் சொல்லி வாய் மூடுவதற்குள் முப்பது பேர் பதினைந்து ஜோடிகளாகிவிட்டார்கள். வேதியியல் ஆய்வகத்தின் நடுவில், புது வெள்ளைக் கோட்டின் நீளக் கைகளை மடித்துவிட்டபடி அவள் மட்டும் நின்றாள். வருகைப் பதிவேட்டில் அவள் எண் முப்பத்தொன்று. ஒரு வாரம் தாமதமாகச் சேர்ந்ததற்குக் கிடைத்த எண் அது. அந்த ஒரு வாரத்தில் யாருக்கு யார் என்பதெல்லாம் முடிவாகிப் போயிருந்தது. "ஒத்தப்படையா வந்துட்டியேம்மா. சரி, நீ கடைசி மேசைய எடுத்துக்கோ" என்றார் மேடம். வகுப்பில் அவளுக்கு முப்பத்தொன்று என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

கடைசி மேசை கை கழுவும் தொட்டியை ஒட்டி இருந்தது. எப்போதோ தொட்டி நிரம்பி வழிந்து மேசையின் கால்கள் ஊறிப் போனதால், நான்கு கால்களுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து முதல் பெஞ்சைத் தவிர வேறு பெஞ்சு பார்த்திராத குள்ளம் அவள். அந்த மேசை அவள் நெஞ்சுக்கு வந்தது. தரை எப்போதும் ஈரம் என்பதால், புடவைக் கரையைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறவரான மேடம் அந்தப் பக்கம் கால் வைப்பதே இல்லை.

பாடம் வேதியியல் என்று பெயர்தான். முதல் பருவம் முழுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது அளப்பதை மட்டும்தான். மேலே பூஜ்யத்தில் தொடங்கிக் கீழே ஐம்பது வரை, ஒவ்வொரு எண்ணையும் பத்தாகப் பிரித்துக் கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய், பியூரெட். அதில் காரத்தை ஊற்றிப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். அடியிலுள்ள திருகைத் திறந்து, குடுவையிலிருக்கும் அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறமில்லாமல் இருந்தது ஒரே சொட்டில் லேசான ரோஜா நிறத்துக்கு மாறும். அந்தக் கணம் திருகை மூடி, எத்தனை இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மூன்று முறை செய்து மூன்றும் ஒன்றுபோல வந்தால் கை தேறிவிட்டது என்று அர்த்தம். மற்ற மேசைகளில் ஒருத்தி திருகைப் பிடிப்பாள், இன்னொருத்தி குடுவையை ஆட்டுவாள், இருவருமாகச் சேர்ந்து பேசிக்கொண்டே நிறத்தைக் கோட்டை விடுவார்கள். பிறகு ரப்பரின் உபயத்தில் மூன்றும் ஒன்றுபோல ஆகிவிடும்.

முப்பத்தொன்றுக்கு ரப்பர் தேவைப்படவில்லை. இடது கையால் திருகு, வலது கையால் குடுவை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மூன்று முறையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே எண் வரும். ஆனால் எல்லோருக்கும் வருவதைவிட மூன்று கோடு குறைவாக வரும். எல்லோருக்கும் ஒரே பெரிய பாட்டிலிலிருந்துதான் ஊற்றித் தருகிறார்கள். இருந்தாலும் வாராவாரம் அதே மூன்று கோடு.

"மூணும் ஒண்ணா இருக்கு. மூணும் தப்பு" என்று மேடம் சிவப்பு மையால் சுழித்தார். "எங்கயோ அவசரப்படுற நீ."

அவசரமா? அவளா? அடுத்த வாரம் இன்னும் மெதுவாக விட்டாள். அதற்கடுத்த வாரம் குழாயை நான்கு முறை கழுவினாள். சித்தப்பா வீட்டில், பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்ட அவளுடைய அறையில் உட்கார்ந்து, மருந்து சொட்டும் குழலில் தண்ணீர் எடுத்து டம்ளரில் சொட்டு எண்ணிப் பழகினாள். "என்னடி பண்ற, கண்ணுக்கு மருந்தா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சித்தி போய்விட்டாள். சித்தி கெட்டவள் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, துவைத்த துணி மடிந்து வந்தது. அந்த வீட்டில் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை, தேடியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஊரில் வேலை பார்க்கும் அம்மா ஃபோன் செய்வாள். முதல் மாதமே கேட்டாள்: "உனக்குன்னு யாராவது சேந்தாங்களாடி?" அந்தக் குரலிலிருந்த பயத்தைத் தாங்க முடியாமல், ஜன்னலோர மேசையில் எல்லோருக்கும் மேலே தலை தெரியும் பெண்ணை நினைத்துக்கொண்டு, "ஒருத்தி இருக்காம்மா. நெட்டைன்னு கூப்பிடுவோம்" என்றாள். அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டாள். நெட்டை எப்படி இருக்கா, நெட்டைக்கு சளி சரியாப் போச்சா, நெட்டைய ஒருநாள் ஃபோன்ல பேசச் சொல்லேன். அவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவரை நெட்டை அவளிடம் பேசியிருந்ததெல்லாம் இரண்டே வாக்கியம். ஒன்று, "கொஞ்சம் நகர்றியா?" இன்னொன்று, "இந்தத் தொட்டியில தண்ணி வருதா?"

பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது நெட்டையின் ஜோடி கணிதப் பிரிவுக்கு மாறிப் போனாள். "தேர்வு ஜோடியாத்தான். மார்க்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்துதான்" என்றார் மேடம். "நீயும் முப்பத்தொன்னும் சேந்துக்குங்க. இல்லன்னா வேற ஜோடியில மூணாவதா போய் நின்னுக்கோ." நெட்டை கடைசி மேசைக்கு வந்து, ஈரத்தில் வழுக்காமல் கால் வைத்து, மென்று முழுங்கினாள்.

"தப்பா எடுத்துக்காத. உனக்கு ஒரு வாரம்கூட சரியா வந்ததில்லன்னு சொல்றாங்க. எங்க வீட்டுல ஒரு மார்க் குறைஞ்சாலே ரகளை. இன்னிக்கு உனக்கு எவ்வளவு வருதுன்னு பாத்துட்டுச் சொல்லட்டுமா?"

"சரி" என்றாள். அவமானமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. யாரோ அவள் கணக்குக்காகக் காத்திருந்தார்கள்.

அன்று அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். பதினெட்டு புள்ளி இரண்டு. குழாயைக் கழுவி மறுபடி நிரப்பினாள். பதினெட்டு புள்ளி இரண்டு. மூன்றாம் முறை குடுவையை ஆட்டும்போது மணிக்கட்டு வலித்தது. வேறு எதுவாவது வந்து தொலைக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே கோட்டைப் பார்த்தாள். அதே எண். காய்ச்சி வடித்த தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் ஜன்னலோர மேசையைக் கடந்தபோது நெட்டையின் நோட்டு திறந்து கிடந்தது. பதினெட்டு புள்ளி ஐந்து. திரும்பி வந்து, மையால் எழுதுகிற வழக்கமுள்ளவள் பென்சிலைத் தேடி எடுத்து, மூன்று கட்டங்களிலும் பதினெட்டு புள்ளி ஐந்து என்று எழுதினாள். அந்த மூன்று எண்களும் அவள் கையெழுத்தாகவே இல்லை.

நோட்டைப் பார்த்த நெட்டையின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, வருதுல்ல! அடுத்த வாரத்துலேர்ந்து சேந்து பண்ணலாம்." அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நெட்டையைப் பற்றிப் பேசும்போது, முதல்முறையாகச் சொன்னதில் கொஞ்சம் நிஜம் இருந்தது.

அடுத்த வாரம் நெட்டையின் பியூரெட்டில் திருகு கசிந்ததால் இருவரும் கடைசி மேசையில் நின்றார்கள். நெட்டை வளவளவென்று பேசினாள். வீட்டில் அண்ணன் மூன்று பேர், குளியலறைக்கு வரிசை, அப்பாவுக்குக் குறட்டை. முப்பத்தொன்று கேட்டுக்கொண்டே காரத்தை ஊற்றி, அண்ணாந்து பார்த்துப் பூஜ்யத்தில் நிறுத்தினாள். கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று நெட்டை ஒரு வெள்ளை அட்டையைக் குழாய்க்குப் பின்னால் பிடித்தாள்.

"இன்னும் சீரோவுக்கு வரலயே" என்றாள் நெட்டை.

"வந்துடுச்சு. சரியா நிக்குது."

"எங்க? மேல நிக்குது, மூணு கோடு." நெட்டை முழங்காலை மடித்து அவள் உயரத்துக்குக் குனிந்தாள். அப்படியே நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். "அட, கீழேர்ந்து பாத்தா சீரோ மாதிரியே தெரியுது! இந்தச் செங்கல்லு மேசையால வந்த வினை. நீ இத்தனை நாளா அண்ணாந்தே பாத்திருக்க. மேல நிறுத்தும்போது தப்பு, கீழ இறங்கினப்புறம் உன் கண்ணுக்கு நேரா வந்துடுது. மேல நிக்கிற மூணு கோடு கணக்குலயே வரல. அதான் குறையுது." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாருமே சொல்லலயா உனக்கு?"

"யாரு சொல்லுவா?" என்றாள் முப்பத்தொன்று.

சுவரோரமாகக் கிடந்த காலி மரப்பெட்டியை நெட்டை இழுத்து வந்து போட்டு, அட்டையை மறுபடி பிடித்தாள். அதில் ஏறி நின்று பார்த்தால் உண்மைதான், திரவத்தின் வளைவு பூஜ்யத்துக்கு மேலே மூன்று கோடு தள்ளி நின்றது. கை தப்பவில்லை, அவசரப்படவில்லை, ஒரு வாரம்கூட அவள் தப்பாகச் சொட்டு விடவில்லை. தன் கண் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. பக்கத்தில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தால் முதல் வாரமே முடிந்திருக்கும் விஷயம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நெட்டையின் சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்போ போன வாரம் உனக்கு எப்படி சரியா வந்துச்சு?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அன்னிக்கு ஸ்டூல்ல ஏறிப் பாத்தேன் என்றால் போதும், நெட்டை நம்பிவிடுவாள். ஆனால் அம்மாவிடம் சொன்ன ஒரு பொய்க்கே வாராவாரம் தீனி போட்டு அவள் களைத்துப் போயிருந்தாள். இன்னொன்றை வளர்க்க அவளால் ஆகாது.

"வரல. மூணு தடவையும் பதினெட்டு புள்ளி ரெண்டுதான் வந்துச்சு. உன் நோட்டைப் பாத்து எழுதினேன்."

நெட்டையின் கையிலிருந்த வெள்ளை அட்டை கீழே இறங்கியது. மற்ற மேசைகளில் ஜோடி ஜோடியாகத் தலைகள் குனிந்திருந்தன. "இன்னும் அரை மணி நேரம்தான்" என்று மேடம் மணிக்கட்டைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஆனால் திரும்பிப் பார்க்க முப்பத்தொன்றுக்குத் துணிவில்லை. பெட்டியின் மேல் நின்றபடியே திருகை மயிரிழை அளவு திறந்தாள். அழுக்குச் சுவரின் பின்னணியில் வளைவு மங்கலாக இறங்கியது. இரண்டு கோடு. ஒன்றரை. கண் நீர் கோத்துக்கொண்டதில் கோடே தெரியவில்லை. அப்போது குழாய்க்குப் பின்னால் அட்டையின் ஒரு ஓரம் மட்டும் வெள்ளையாக மேலே வந்து, பாதி வழியில் நின்றது.