உதுமான் வீட்டு மரத்தரைக் கோடுகள்

முஸ்கானை அடக்கம் செய்து நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாள் காலையில், அவள் பிடித்து நடந்த வாக்கர் இழுத்த இரண்டு கோடுகள் மாடியறையின் மரத்தரையில் புதிதாக விழுந்திருந்தன. கட்டிலடியில் தொடங்கி ஒரு முழம் வந்து நின்றிருந்தன. அந்த வாரம் போடியில் ஏலக்காய் விலை சற்று இறங்கியிருந்தது, மலையில் நல்ல மழை. அறையைக் கூட்டப் போன ரஹ்மத்துன்னிசா கோடுகளைப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டு, "என்னங்க, நம்ம புள்ள நடந்திருக்கு, வந்து பாருங்க" என்றாள்.

அந்த வட்டாரத்தில் மரத்தரை போட்ட வீடு அது ஒன்றுதான். முஸ்கானுக்குப் பத்து வயதில் கால் சதை கரைய ஆரம்பித்தது. மதுரை டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார், மருந்து சொல்லவில்லை. முடிகிற வரைக்கும் நடக்கட்டும், நடையை விட்டால் சீக்கிரம் படுத்துவிடுவாள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். டைல்ஸ் அவளுக்கு வழுக்கியது, சிமெண்டுத் தரையின் சில்லிப்பு எலும்பில் ஏறியது. அதனால் உதுமான், மலையில் இடித்துப்போட்ட ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் தேக்குப் பலகைகளை ஜீப்பில் லோடு லோடாக இறக்கி, பேச்சிமுத்து ஆசாரியை வைத்து மகளின் அறைக்குத் தரை போட்டார். மழைக்குப் பலகை முளைத்துவிடப் போகிறது என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசியவர்களே பார்க்க வந்தபோது, செருப்பைக் கழற்றியது போதாதென்று காலையும் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அப்படி மின்னியது.

உதுமானுக்குத் தொழில் ஏலக்காய் தரம் பிரித்து விற்பது. வாய் பிளந்தது, கீறல் பட்டது, நிறம் வெளுத்தது எல்லாவற்றையும் அவர் விரல் தானாக ஒதுக்கிவிடும். அந்தப் பழக்கம் கடையோடு நிற்குமா? வாக்கருக்கு முன்பக்கம் சக்கரம், பின்பக்கம் இரும்புக் கால். காலில் மாட்டிய ரப்பர் அடிக்கடி தேய்ந்துபோய், இரும்பு பலகையில் பட்டுக் கோடு போட்டது. "இழுக்காதம்மா, தூக்கி வச்சு நட" என்று நாள் தவறாமல் சொன்னார். கோபத்தில் சொன்னதில்லை, மகளிடம் கோபப்படத் தெரியாத மனிதர் அவர். ஆனால் அவள் கண்ணெதிரிலேயே குனிந்து கோட்டைத் தடவிப் பார்ப்பார். வாக்கரைத் தூக்கி வைக்கிற வலு அவள் கையில் இல்லை. கடைசி வருஷம் அவள் கட்டிலிலேயே இருந்துகொண்டாள். ஏனம்மா நடக்கவில்லை என்று அவர் கேட்டால், "அலுப்பா இருக்கு அத்தா" என்பாள். தரை பளபளவென்று இருந்தது. ஐப்பசி அடைமழையில் நெஞ்சில் சளி கட்டி, இருபத்திரண்டு வயதில் மவுத்தானாள்.

கோடுகள் விழுந்ததும் முதலில் வாக்கரைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதைப் பக்கத்துச் சிலமலை கிராமத்தில் இடுப்பு முறிந்து கிடந்த மொக்கம்மாளுக்குக் கொடுத்திருந்தார்கள். ரஹ்மத்துன்னிசாவின் தம்பி நிஜாம், தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுபவன், நேரில் போய்க் கேட்டான். "இது எங்கயும் போகலய்யா, ராவானா கட்டில் கால்ல கட்டிப்போட்டுல்ல படுக்குறேன்" என்றாள் மொக்கம்மாள். பள்ளிவாசல் அஜரத் வந்து கோடுகளைப் பார்த்தார். மையத்து மண்ணுக்குள்தான் இருக்கிறது, இது வேறு, வேறு என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லி, துஆ ஓதிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

கோட்டைக் கண்டால் உதுமானுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். பேச்சிமுத்துவிடம் முறையைக் கேட்டுக்கொண்டு, கடையடைத்து வந்ததும் தரையில் உட்கார்ந்தார். மேலோட்டமான கீறலுக்குத் தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். ஆழமான கோட்டில் தேக்குத்தூளைப் பசையோடு குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மரத்தின் ரேகை ஓடுகிற வாக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் ஒரு கீறல் ஒன்பது கீறலாகிவிடும். அதன்மேல் பாலிஷ். இத்தனையும் செய்து படுத்து எழுந்தால், கட்டிலடியிலிருந்து மறுபடி ஒரு முழம் விழுந்திருக்கும். அவர் அழிக்க அவள் இழுக்க என்று அந்தக் குளிர்காலம் போயிற்று.

தை மாதத்தில் சரக்கு எடுக்க மலைக்குப் போனவர் ஜீப் பழுதாகி அங்கேயே சில நாள் தங்கும்படி ஆனது. திரும்பி வந்து பார்த்தால், யாரும் அழிக்காத கோடு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, வாசலைப் பார்த்துப் பாதி அறை வந்திருந்தது. மொத்தத்தையும் அழித்தார். மறுநாள் அது திரும்பவும் கட்டிலடியில் தொடங்கியது. அழித்தால் அவள் முதலிலிருந்து நடக்க வேண்டும், விட்டால் வெளியே போய்விடுவாள். இது புரிந்த நாளிலிருந்து உதுமான் வெளியூரில் தங்கியதே இல்லை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக்கூடக் கம்பம் வரை போய், நிக்காஹ் முடிந்த கையோடு சாப்பிடாமல் திரும்பினார். தரைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன தெரியும்? கீறலைக் காணச் சகிக்காத அந்த மனிதர், இப்போது காலையில் கீறலைப் பார்த்தால்தான் டீயில் வாய் வைத்தார்.

இரண்டு வருஷம் இப்படியே கழிந்தது. தேய்த்துத் தேய்த்துக் கட்டிலடிப் பலகைகள் குழிந்துபோயின. இன்னும் தேய்த்தால் கீழ் வீடு தெரியும் என்று பேச்சிமுத்து எச்சரித்தார். கோடுகளும் மாறின. முழம் சாணாகக் குறைந்தது, நேராக வந்தது கோணலாயிற்று, நடுநடுவே நின்று நின்று இழுத்த தடம் தெரிந்தது. ஒரு நாள் ரஹ்மத்துன்னிசா அதைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள்.

"உசுரோட இருக்கயில தரைக்குப் பயந்து நடக்கல. இப்ப நடக்குறா. நீங்க தெனமும் கொண்டுபோயி கட்டில்லயே விடுறீங்க. புள்ளைக்கு அலுக்காதா?"

உதுமான் குழிந்த பலகையை விரலால் தடவினார். பிறகு, "போயிட்டாள்னா?" என்றார்.

"போகட்டுங்க. எனக்கு மட்டும் அவ இங்கன கெடக்கணும்னு ஆசை இல்லையா?"

அன்றைக்குக் கோட்டை அழிக்கவில்லை. மறுநாளும் அழிக்கவில்லை. கோடு அறையைக் கடந்து வாசலுக்கு வந்த அன்று ரஹ்மத்துன்னிசா கதவைத் திறந்தே வைத்தாள். மாடிப்படியில் படிக்கு இரண்டு பள்ளமாக இறங்கியது. தெருவுக்கு வந்ததும் நடை கூடி, சிமெண்டு ரோட்டில் ஒரே நாளில் நாலு வீட்டைத் தாண்டியது. ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. காய்கறி வண்டிக்காரர்கள் கோட்டை விட்டுத் தள்ளி நிறுத்தினார்கள். கோடு ஊரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியது. அங்கே ஒரு பகுதிக்குப் புதுத் தார் ஊற்றினார்கள், மறுநாள் காலையில் புதுத் தாரிலும் கோடு இருந்தது, காண்டிராக்டர் வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் மலைக்கு என்று பத்துப் பேர் பத்துக் காரணம் சொன்னார்கள். ஜீப் டிரைவர்கள் இறங்கி வரும்போது கடை முன்னால் வேகத்தைக் குறைத்து, "அண்ணே, பாப்பா ஏழாவது வளைவு தாண்டிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உதுமான் தராசிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சரி என்பார்.

சித்திரையில் கோடு நின்றுவிட்டது. மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்குக் கொஞ்சம் கீழே, போடி முழுவதும் தெரிகிற ஒரு வளைவு. நிஜாம் வீட்டுக்கே வந்து சொன்னான்.

"போக மாட்டேங்குதுக்கா. கீழ பாக்கத் திரும்பி நிக்கிது. நின்ன எடத்துலயே நின்னு தாரு குழிஞ்சு போச்சு. பத்து நாளாச்சு."

மறுநாள் விடிந்ததும் இருவரும் அவன் ஜீப்பில் ஏறிப் போனார்கள். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். வளைவில் தாரில் இரண்டு குழிகள் இருந்தன. ரஹ்மத்துன்னிசா அவற்றுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தாள். பனிமூட்டத்துக்குக் கீழே ஊர் இருந்தது, வீடு எது என்று பிரித்துத் தெரியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். போகட்டும் என்று சொன்னவள் அவள்தான், ஆனால் இப்போது அவளுக்கு வாய் வரவில்லை.

உதுமான்தான் பேசினார். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"நாங்க நல்லாருக்கோம்மா. அம்மாவ நான் பாத்துக்கிறேன். நீ போ."

சொல்லிவிட்டு மனைவியைக் கைபிடித்து ஏற்றினார். கீழே இறங்கும் வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாள் ஆள் ஏற்றிப்போன நிஜாம் பார்த்தபோது, கோடு அந்த வளைவிலிருந்து திரும்பி, தாரை விட்டு இறங்கி, ஏலத்தோட்டத்துக்குள் போயிருந்தது. சருகின் மேல் கோடு தெரியாது.