பேஸ் நின்றபின் பத்து நிமிஷம்

தேவசகாயத்துக்குக் காது போய்விட்டது என்பது எங்கள் பேண்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவன் பாய்லர் வயிற்றுக்குள் உட்காருகிற ஆள். வெளியே இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுவார்கள். உள்ளே இவன் ரிவிட்டுக்கு முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். ஒன்பது வருஷம் பிடித்தான். அங்கேயே நான் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வருகிறவனிடம் முகத்துக்கு நேரே வாயைக் காட்டிப் பேச வேண்டும். மற்றவர்களுக்கு இரவுக்குள் காது திரும்பிவிடும். இவனுக்கு எழுபத்திரண்டாம் வருஷத்தோடு திரும்புவது நின்றுபோயிற்று.

ஆனாலும் டிரம்மில் அடி பிசகாது. அவன் ஸ்டூலும் என் பேஸ் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டியும் ஒரே பலகையின் மேல் இருக்கும். நான் வாசித்தால் பலகை அதிரும், அது ஸ்டூல் வழியாக அவன் இடுப்புக்கு ஏறும். அவனுக்கு அது போதும். எங்கே வாசிக்கப் போனாலும் பலகையைத் தோளில் சுமந்து வருவான்.

"பலகை இல்லேன்னா உக்கார மாட்டியா? ராசியாப்பா?" என்று ராஜாராமன் கேட்பான்.

உதட்டைப் பார்த்துப் படித்துவிட்டு, "ஹவ், ராசிதான் சார்" என்று எங்கள் ஊர் உருதுவில் ஆமாம் போடுவான் இவன்.

ராஜாராமன்தான் கிதார், அவன்தான் தலைவன். அப்பா சர்க்கார் கம்பெனியில் பெரிய ஆபீசர், குஷாய்குடா பக்கம் வீடு. எங்கிருந்தோ ஜெர்மன் எல்.பி. இசைத்தட்டுகள் கொண்டுவருவான். ஆர்கன் வாசிக்கிற சாம்பசிவம் அவனுடைய கல்லூரிச் சிநேகிதன். போவன்பள்ளியில் ஒரு வெங்காய கோடவுனில் பிராக்டிஸ். எங்களிடம் பாட்டு என்று ஒன்றும் கிடையாது. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் ஓட்டுவோம், போகிற வழியில் என்ன வருகிறதோ அது. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், சைகை கூடாது, எல்லாம் காதால்தான் என்பது ராஜாராமன் வைத்த சட்டம். வெங்காயத் தூசியில் கண்ணீர் விட்டபடி நாங்களும் மூடிக்கொள்வோம்.

நடுவில் நான் நிறுத்தினால் என்ன செய்வது என்று ஆரம்பத்திலேயே தேவசகாயம் என்னிடம் பேசி வைத்திருந்தான்.

"நீ நிறுத்துனா நான் அந்த அடியையே அடிச்சிட்டிருப்பேன், ரகு. நீ திரும்பி வர்ற வரைக்கும் நவுர மாட்டேன். மறந்துட்டு டீ குடிக்கப் போயிடாதே."

இரண்டு வருஷம் நடந்தது. நான் ஒரு நிமிஷம் ஓய்வேன், திரும்ப வருவேன். யாருக்கும் தெரியவில்லை.

எழுபத்து நாலில் பம்பாயிலிருந்து ஒரு ஓட்டல்காரர் எங்களைக் கேட்க வருவதாகக் கடிதம் வந்தது. பிடித்திருந்தால் அங்கே பதினைந்து நாள் வாசிக்கலாம். தேவசகாயம் அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். பாய்லருக்குள் உட்கார்ந்துகொண்டு பம்பாய் பம்பாய் என்று கத்தினானாம். உள்ளே இருந்த அவனுக்கே அது கேட்டிருக்காது.

ராஜாராமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அவனுக்குக் காது கேக்கறதாடா? உண்மையைச் சொல்லு. முந்தாநாள் பின்னாடி டின் விழுந்தது, திரும்பவே இல்லை."

நான் கிதாரை உறைக்குள் போட்டேன்.

"பேகம்பேட்ல ஒரு பையன் இருக்கான், பிரமாதமா வாசிக்கறான். பேஸ் வாசிக்கவும் ஆள் வச்சிருக்கான். ரெண்டு பேரையும் சேத்துக்கறதா, ஒருத்தனை மட்டுமாங்கறது உன் வாயில இருக்கு."

சொல்லிவிட்டேன். காது, பலகை, எங்கள் ஏற்பாடு, எல்லாவற்றையும்.

அவன் கொஞ்ச நேரம் சிரித்தான். "நாம போன்னு சொன்னா பாவம். அவனே தெரிஞ்சுண்டு போகட்டும். ஞாயித்துக்கிழமை இருபதாவது நிமிஷம் நீ நிறுத்து. நாங்களும் நிறுத்திடறோம். நீ திரும்ப வாசிக்காதே. பம்பாய்க்காரர்கிட்ட டிரம்முக்கு வேற ஆள் வரான்னு நான் சொல்லிக்கறேன்."

பேகம்பேட் ஓட்டலில் ஞாயிறு காலை ஜாம் செஷன். பம்பாய் ஓட்டல்காரர் உட்பட அறுபது எழுபது பேர். தேவசகாயத்தின் மனைவி ஆரோக்கியமேரி முதல்தடவையாக வந்திருந்தாள். டிக்கெட் இல்லாததால் கதவோரம் நிற்கச் சொன்னார்கள்.

இருபதாவது நிமிஷம் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். ஆர்கன் நின்றது. கிதார் நின்றது. தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் தனி ஆவர்த்தனம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவன் எந்த வித்தையும் காட்டவில்லை. அதே அடி, சம்மட்டி மாதிரி. மூன்றாவது நிமிஷம் யாரோ சிரித்தார்கள். ராஜாராமன் மேடையை விட்டு இறங்கி, பம்பாய்க்காரர் மேஜையில் உட்கார்ந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு விஷயம் மேஜை மேஜையாகப் போயிற்று. ஒருவன் மேடைக்கு வந்து அவன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக் காட்டினான். வெயிட்டர்கூட டிரேயை வைத்துவிட்டு நின்றான்.

தேவசகாயத்தின் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தான், நான் வருகிறேனா என்று. எனக்கு வாசிக்க வேண்டும்போல இருந்தது. வாசிக்கவில்லை.

பத்தாவது நிமிஷம் ஆரோக்கியமேரி மேடை ஏறி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணைத் திறந்தான்.

"என்ன ரகு, ஃபியூஸ் போயிடுச்சா?" காது கேளாதவன் குரல், ஹால் முழுக்கக் கேட்டது. இன்னொரு சிரிப்பு எழுந்தது. அதை அவன் வாய்களில் பார்த்தான். குனிந்து என் பெட்டியில் கை வைத்தான். சூடாக இருந்தது, சிவப்பு விளக்கும் எரிந்தது. என்னை ஒருதரம் பார்த்தான்.

"வா போலாம். நக்கோ, வேணாம் இந்தப் பொழைப்பு" என்றாள் அவள்.

அதற்குள் ராஜாராமன் ஓடிவந்தான். முகம் மாறியிருந்தது. "தேவா, நீதான்யா வேணுமாம் அவருக்கு! இந்த ஐட்டத்துக்காகத்தான் நம்மளைக் கூப்பிடறார். தினம் இதே மாதிரி பண்ணணுமாம்."

தேவசகாயம் அவனை இரண்டுதரம் சொல்லச் சொல்லி உதட்டைப் படித்தான். நான் அவன் துப்புவான் என்று நினைத்தேன்.

"பதினஞ்சு நாளா?"

"பதினஞ்சு நாள்."

"வரேன். எப்ப நிறுத்துவீங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா நடிக்கணும். எனக்கு நடிக்கத் தெரியாது சார்."

"ஜெம்டா இவன்!" என்று ராஜாராமன் அவன் முதுகில் தட்டினான். ஆரோக்கியமேரி கணவன் கையை விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

பம்பாயில் ஒருநாள் பத்தாவது நிமிஷம், ஒருநாள் முப்பதாவது நிமிஷம் என்று மாற்றி மாற்றி நிறுத்தினேன். ஒவ்வொரு நாளும் அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்து அடித்தான். கூட்டம் ஏறிக்கொண்டே போனது. கடைசி நாள் அவனைப் பதினாறு நிமிஷம் தனியாக அடிக்க விட்டேன்.